சொரணைக் கணக்கு

தமிழில் 'சொரணை' என்றொரு சொல் இருக்கிறது. காலில் முள் ஏறியும் தெரியாமல் நடப்பவனுக்குச் சொரணை இல்லை. கன்னத்தில் அறைந்தவனிடமே மறுநாள் கைகட்டி நிற்பவனுக்கும் சொரணை இல்லை. தோலின் உணர்ச்சியும் தன்மானமும் இந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒருத்தனை 'எருமைத்தோல்' என்று வைவதும், ஒருத்தியைத் 'தொட்டாச்சிணுங்கி' என்று கேலி பண்ணுவதும் இதே கிடங்குச் சரக்குதான். ஒருவருக்குக் குறைவாக உணர்கிறார் என்று குற்றச்சாட்டு, இன்னொருவருக்கு அதிகமாக உணர்கிறார் என்று குற்றச்சாட்டு. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் எப்போதும் சரியான அளவு. மேற்கத்திய மருத்துவம் ஊசியும் கவராயமும் எடுத்துக்கொண்டு இந்தக் கிடங்குக்குள் புகுந்து கணக்கெழுதிய கதையைப் பற்றியது இக்கட்டுரை.

'ஹைபரெஸ்தீசியா' என்பது மருத்துவம் வைத்த பெயர். மிகையுணர்ச்சி என்று சொல்லலாம். மற்றவர்கள் கவனிக்கக்கூட மாட்டாத தூண்டல் ஒருவருக்கு மட்டும் தாங்க முடியாமல் போவது. போர்வை உரசினால் தணல் பட்டதுபோல் எரியும். கதவு சாத்துகிற சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப் போடும். வெளிச்சம் கண்ணைக் குத்தும். நரம்பில் அடிபட்டவர்களுக்கு இது வரும். சர்க்கரை நோயில் நரம்பு கெட்டவர்களுக்கு வரும். அக்கி வந்துபோன இடத்தில் மாதக்கணக்காக நிற்கும். ஆட்டிசம் உள்ள பலருக்குச் சிறு வயதிலிருந்தே இருக்கும். ஆக, நோய் நிஜம், அதில் விவாதம் இல்லை. விவாதம் வேறு இடத்தில். ஒருவர் 'வலிக்குது' என்று சொன்னதும் அதை நோய் என்று எழுதிக்கொள்வதா, நடிப்பு என்று எழுதிக்கொள்வதா, நாகரிகத்தின் அடையாளம் என்று எழுதிக்கொள்வதா? அதை எது தீர்மானித்தது?

சொல்லின் வேரிலேயே ஒரு துப்பு கிடைக்கிறது. புலனுணர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் 'ஹைபரெஸ்தீசியா' வருகிறது. அதே வேரை எடுத்துத்தான் 18ஆம் நூற்றாண்டில் பவும்கார்ட்டன் என்கிற ஜெர்மானியத் தத்துவவாதி 'ஈஸ்தெடிக்ஸ்' என்று பெயர் சூட்டினார். நாம் அழகியல் என்கிறோம். 1846இல் ஈத்தர் மயக்கமருந்து வெற்றிகரமாகக் காட்டப்பட்டபோது, ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அந்த நிலைக்குப் பரிந்துரைத்த 'அனஸ்தீசியா'வும் அதே வேர். கவிதை ரசிப்பவர், அறுவை மேசையில் மயங்கிக் கிடப்பவர், துணி பட்டாலே துடிப்பவர் மூன்று பேரும் ஒரே சொல்லின் பிள்ளைகள். ரசனை யாருக்கு உண்டு என்று முடிவு செய்தவர்களேதான் வலி யாருக்கு உண்டு என்றும் முடிவு செய்தார்கள். அழகியல் பற்றி நம் பத்திரிகைகளில் இவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம், இந்தப் பங்காளி உறவை ஒருவரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

1752இல் கோட்டிங்கன் நகரில் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் நிகழ்த்திய உரையிலிருந்து தொடங்கலாம். 190 விலங்குகளைக் குத்தியும் சுட்டும் அறுத்தும் பார்த்ததாக அவரே கணக்குச் சொல்கிறார். தொட்ட இடத்தில் விலங்கு வலியில் துடித்தால் அந்த உறுப்புக்கு உணர்வு உண்டு. இழை சுருங்குகிறது, ஆனால் வலியின் அறிகுறி இல்லை என்றால் அது வேறு தன்மை. உடம்பை 'உணரும் பகுதி', 'உணராத பகுதி' என்று பிரித்து வரைபடம் போட்ட பெருமுயற்சி இது. வரைபடம் வந்தால் எல்லைத் தகராறு வராமல் இருக்குமா? உறுப்புகளுக்கு இடையே போட்ட கோடு சீக்கிரமே மனிதர்களுக்கு இடையே போட்ட கோடாயிற்று. மெல்லிய நரம்பு மேன்மக்களின் சொத்து, உழுகிறவனுக்கும் சுமக்கிறவனுக்கும் நரம்பு தடித்தது என்கிற எண்ணம் மருத்துவ நூல்களிலும் நாவல்களிலும் ஒருசேரப் பரவியது. அழுகிற சீமாட்டிக்கு மவுசு கூடியது. அவளுக்குக் குளிக்கத் தண்ணீர் சுமந்தவளின் தோள் எப்படியிருந்தது என்று எந்த நாவலும் கேட்கவில்லை.

*

இந்தக் கணக்கு அப்பட்டமாக எழுதப்பட்ட இடம் அமெரிக்காவின் தென்மாநிலங்கள். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்கிற லூசியானா டாக்டர், நியூ ஆர்லியன்ஸ் மருத்துவ இதழில் கறுப்பின மக்களின் 'நோய்கள்' பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அடிமைகள் தப்பி ஓடுவதே ஒரு மனநோய் என்று அவர் சொன்னது பலருக்குத் தெரியும். அதே அறிக்கையில் இன்னொரு நோயும் இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை: 'டிஸ்எஸ்தீசியா எத்தியோபிக்கா'. கறுப்பருக்குத் தோல் மரத்துப்போகும் வியாதியாம். அறிகுறிகள் என்னவென்று பாருங்கள். வேலையில் மந்தம், கருவிகளை உடைப்பது, பயிரை மிதிப்பது, ராத்திரியில் சுற்றுவது, தண்டிக்கும்போது வலியே தெரியாததுபோல் இருப்பது. மேஸ்திரிகள் இதைப் போக்கிரித்தனம் என்று தவறாக நினைக்கிறார்கள், உண்மையில் இது வியாதி என்று டாக்டர் பரிந்து பேசுகிறார்! சிகிச்சை: வெந்நீரும் சோப்பும் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும், உடம்பெல்லாம் எண்ணெய் தடவ வேண்டும், அகலமான தோல்வாரால் அடித்து அந்த எண்ணெயைத் தோலுக்குள் இறக்க வேண்டும், பிறகு வெயிலில் கடும் வேலைக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு நிமிடம் நிதானிக்கலாம். வேலைநிறுத்தம் செய்ய முடியாத ஒரு மனிதன் செய்யக்கூடிய அத்தனை எதிர்ப்பும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. மண்வெட்டியை உடைக்கிறான், மெதுவாகச் செய்கிறான், அடிக்கும்போது கத்த மறுக்கிறான். அந்த மறுப்பைத் தோலின் குறைபாடாக மொழிபெயர்த்துவிட்டார் டாக்டர். சவுக்கு சிகிச்சையாயிற்று. சொரணை இல்லை என்று யாரைச் சொன்னார்களோ, அவன் காட்டியதுதான் அந்தப் பண்ணையிலேயே பெரிய சொரணை.

அதே காலத்தில் அலபாமா மாநிலம் மாண்ட்காமரியில் மேரியன் சிம்ஸ் 1845 முதல் 1849 வரை அடிமைப் பெண்களை வைத்து அறுவை சிகிச்சை பழகிக்கொண்டிருந்தார். பிரசவத்தில் கிழிந்து சிறுநீர் ஒழுகும் கொடுமைக்கு அவர் கண்டுபிடித்த முறை பின்னால் எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியது, அதை மறுப்பதற்கில்லை. அனார்கா, லூசி, பெட்சி என்று மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்காவுக்கு மட்டும் 30 முறை அறுவை. மயக்கமருந்து இல்லாமல். தொடங்கியபோது மருந்தே இல்லை என்று சிம்ஸின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். சரி, 1846க்குப் பிறகு? இந்த அறுவையின் வலி மயக்கமருந்து கொடுக்கும் அளவுக்குப் பெரிதல்ல என்பதுதான் அவர் பின்னாளில் சொன்ன வாதம். ஆனால் அவருடைய சுயசரிதையிலேயே லூசி பட்ட வேதனையை அவர் பதிவு செய்திருக்கிறார், அவள் செத்துவிடுவாள் என்றே நினைத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிந்த வலி கணக்கில் மட்டும் ஏறவில்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவர் சிலையை 2018இல்தான் அகற்றினார்கள்.

மார்ட்டின் பெர்னிக் என்கிற வரலாற்றாசிரியர் 1985இல் வெளியிட்ட நூலில், மயக்கமருந்து வந்த முதல் தலைமுறையில் அதை யாருக்குக் கொடுப்பது என்பதை வர்க்கமும் நிறமும் பாலினமும் எப்படித் தீர்மானித்தன என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். படித்த பணக்காரப் பெண்ணுக்கு அவசியம் கொடுக்க வேண்டும், கூலிக்காரன் தாங்குவான். இத்தாலியில் லொம்புரோசோ இதே கணக்கைக் குற்றவாளிகள் பேரில் எழுதினார்: பச்சை குத்திக்கொள்ளும் அளவுக்கு அவர்களுக்கு வலி தெரியாதாம்.

பழைய கதை என்று தள்ளவும் முடியவில்லை. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 222 வெள்ளை மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டார்கள். கறுப்பரின் தோல் வெள்ளையர் தோலைவிடத் தடிமன் என்பதுபோன்ற பொய்களில் ஒன்றையாவது ஏறத்தாழப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். அப்படி ஒப்புக்கொண்டவர்கள் கறுப்பு நோயாளியின் வலிக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். கார்ட்ரைட் அறிக்கைக்கு அப்போது வயது 165.

*

மிகையுணர்ச்சியின் மருத்துவ வரலாற்றில் திருப்புமுனை என்று சொல்லத்தக்கது அமெரிக்க உள்நாட்டுப் போர். பிலடெல்பியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் நரம்பில் குண்டடி பட்ட சிப்பாய்களை சைலஸ் வெயர் மிட்செல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து கவனித்தார். 1864இல் அவர்கள் வெளியிட்ட நூலிலும், 1872இல் மிட்செல் தனியாக எழுதிய நூலிலும் உள்ள சித்திரங்கள் மறக்க முடியாதவை. காயம் ஆறிவிட்டது, ஆனால் கை எரிகிறது. கையை ஈரத்துணியில் சுற்றியே வைத்திருக்கிறார்கள். நடந்தால் வறண்ட தோல் உரசுமென்று பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் செய்தித்தாளைப் புரட்டும் சலசலப்பு, வார்டில் யாரோ நடக்கும் அதிர்வு, வெளியே வாசிக்கும் பட்டாளத்து பேண்ட் எல்லாமே வலி. இதற்கு அவர் 'காஸால்ஜியா' என்று பெயர் வைத்தார், எரிவலி. தொடுகையில் தொடங்கிய மிகையுணர்ச்சி காதுக்கும் பரவுகிறது என்பதை இத்தனை துல்லியமாக அவருக்கு முன் யாரும் எழுதியதில்லை.

துல்லியத்தோடு துல்லியமாக இன்னொன்றையும் எழுதினார். வீரன் கோழையாகிறான், பலசாலி ஹிஸ்டீரியா பிடித்த பெண்ணைப்போல் ஆகிவிடுகிறான் என்று. ஆண் உடம்பில் வந்த மிகையுணர்ச்சியை விவரிக்க அவரிடம் இருந்த ஒரே உவமை பெண். அந்த உவமைக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. சிப்பாய்க்கு இது குண்டு போட்ட காயம், பெண்ணுக்கு இது சுபாவம்.

போர் முடிந்தபின் அதே மிட்செல் பணக்காரப் பெண்களின் நரம்பு டாக்டராகப் பேர் வாங்கினார். அவருடைய 'ஓய்வுச் சிகிச்சை' என்றால் வாரக்கணக்காகப் படுக்கை, பால், மசாஜ், படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. 1887இல் அவரிடம் போன ஷார்லட் பெர்க்கின்ஸ் கில்மன், பேனாவைத் தொடாதே என்ற அறிவுரையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பைத்தியத்தின் விளிம்புவரை போய்த் திரும்பி, 1892இல் 'மஞ்சள் நிறச் சுவர்த்தாள்' கதையை வெளியிட்டார். பெண்ணியவாதிகள் இக்கதையைக் கொண்டாடுவது நியாயமே. ஆனால் இதே கில்மன் 1908இல் கறுப்பர்களைக் கட்டாய உழைப்புப் படைகளில் சேர்க்க வேண்டுமென்று கட்டுரை எழுதினார். தன் நரம்பின் வலியை உலகத்துக்குச் சொல்லத் தெரிந்தவர் என்பதனாலேயே அடுத்தவர் தோள் வலி தெரிந்துவிடும் என்று நாம் எதிர்பார்ப்பதில் ஓர் அப்பாவித்தனம் இருக்கிறது.

அந்த 1892இலேயே மிட்செல் தன் கொள்கையை ஒரு வரியில் அடக்கிவிட்டார்: நாகரிகம் அடைந்ததில் நமக்கு வலியை உணரும் ஆற்றலும் கூடிவிட்டது, காட்டுமனிதனுக்கு நம்மைப்போல் வலிப்பதில்லை. அதிகமாக உணர்வது பரிணாம ஏணியின் மேல்படி என்று அர்த்தம். ஏணி என்று சொல்லிவிட்டால் அளந்துதானே ஆகணும்? அளக்கக் கிளம்பினார்கள்.

*

1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஆல்ஃபிரட் ஹேடன் தலைமையில் ஏழு பேர் டாரஸ் நீரிணைக்குப் போனார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையில் உள்ள சிறு தீவுகள். அவற்றில் மர்ரே தீவு, அந்த மக்கள் வாயில் மேர், சோதனைக்கூடமாயிற்று. வில்லியம் ரிவர்ஸ் கண்ணைச் சோதித்தார், சார்லஸ் மையர்ஸ் காதையும் மூக்கையும், வில்லியம் மக்டூகல் தோலை. மூவரும் மருத்துவம் படித்தவர்கள். இந்த மூன்று பெயர்களையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோலைச் சோதிப்பது எப்படி? கவராயத்தின் இரு முனைகளையும் தோலில் வைத்து, ஒன்றா இரண்டா என்று கேட்பது. முனைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கும்போதும் இரண்டு என்று சொல்லத் தெரிகிறதோ அவ்வளவு கூர்மை. வலிக்கு அழுத்தும் கருவி; எப்போது வலி தொடங்குகிறது என்று சொல்ல வேண்டும். மக்டூகலின் முடிவு: தீவுக்காரர்களின் தொடுகை ஆங்கிலேயருடையதைப்போல் இரு மடங்கு கூர்மை, வலி உணர்ச்சியோ ஏறத்தாழப் பாதி.

வலியளவைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. சோதனைக்கு வந்தவர்களிடம் என்ன சொன்னார்களாம்? 'கறுப்பு மனிதன் வெள்ளைக்காரனைவிட நன்றாகப் பார்ப்பான், கேட்பான் என்று சிலர் சொல்கிறார்கள். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று பார்க்க வந்திருக்கிறோம். எல்லாம் ஒரு பெரிய புத்தகத்தில் வரும்' என்கிற தோரணையில். இப்படிச் சொல்லி உட்காரவைத்துவிட்டு அழுத்தினால் எவன் முதல் அழுத்தத்திலேயே 'ஐயோ' என்பான்? வலி எப்போது தொடங்கியது என்பதும், வலியை எப்போது ஒத்துக்கொண்டான் என்பதும் ஒன்றல்ல. இந்தத் தீவுச் சோதனைகளின் ஓட்டைகளை உளவியலாளர் டிச்சனர் 1916இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். கார்ட்ரைட் பார்த்த மௌனமும் மேர் தீவில் அளந்த மௌனமும் ஒரே ஜாதிதான். முன்னது எதிர்ப்பு, பின்னது கௌரவம். இரண்டும் தோலின் குணமாகப் பதிவாயின.

இதைவிடச் சுவாரஸ்யமானது தொடுகைக் கணக்கு. மிட்செலின் ஏணிப்படி பார்த்தால் இரு மடங்கு கூர்மை என்பது இரு மடங்கு நாகரிகம். விடுவார்களா? ரிவர்ஸ் பார்வைச் சோதனைகளிலிருந்து ஒரு விளக்கத்தை முன்வைத்தார்: புலன்களின் அஸ்திவாரத்திலேயே சக்தியைச் செலவழித்துவிட்டால் அறிவின் மேல்கட்டடம் பாதிக்கப்படத்தான் செய்யும். அதாவது, லண்டன் சீமாட்டி அதிகமாக உணர்ந்தால் மேன்மை, தீவுக்காரர் அதிகமாக உணர்ந்தால் தாழ்வு. பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் கேம்பிரிட்ஜுக்கே காசு. நியாயமாகச் சொன்னால், சுத்தமான பார்வைக் கூர்மையில் இனங்களுக்கிடையே பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, பழக்கம்தான் வித்தியாசம் என்று ரிவர்ஸே காட்டியிருந்தார். தன் தரவு சொன்னதை அவர் ஏணிக்கு விட்டுக்கொடுத்ததுதான் சங்கடம்.

அங்கிருந்து அவர் நம் பக்கம் வந்தார். 1901-02இல் நீலகிரி. தோடர்களைப் பற்றி 1906இல் அவர் வெளியிட்ட பெரிய நூல் மானுடவியல் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, 1905இல், தோடர்களின் புலன்களைச் சோதித்த முடிவுகளைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டார் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஊராளிகள், சோளகர்களின் கண்களையும் சோதித்தார். தொடுவதையும் தொடாமலிருப்பதையும் வைத்து ஒரு சமூகத்தையே கட்டிவைத்திருக்கிற நாட்டுக்கு ஒருவர் தொடுகையை அளக்கும் பெட்டியோடு வருகிறார். ஆனால் அவர் பெட்டி திறந்தது மலையில். சமவெளியில் அந்தக் கவராயத்தை யார் கையில் யார் வைப்பது என்பதே முதல் கேள்வியாகியிருக்கும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

*

இந்தக் கதையின் விசித்திரமான அத்தியாயம் ஒரு வெள்ளைக் கையில் நடந்தது. லண்டன் மருத்துவமனையில் வேலை பார்த்த நரம்பியலாளர் ஹென்றி ஹெட், நரம்பறுந்த நோயாளிகளைச் சோதித்து அலுத்துப்போனார். கிழக்கு லண்டன் ஏழைகள். 'தெரியுது', 'தெரியலை' என்பதற்குமேல் அவர்களிடமிருந்து எதையும் வாங்க முடியவில்லை, உள்முகமாகக் கவனிக்கும் பயிற்சி அவர்களுக்கு இல்லை என்பது அவர் முறையீடு. நோயாளியின் வாக்குமூலம் செல்லாது, படித்தவனின் தோல்தான் சாட்சி. எனவே 1903 ஏப்ரல் 25ஆம் தேதி தன் இடது முன்கையின் தோல் நரம்புகளை வெட்டச் செய்து, முனைகளைப் பட்டுநூலால் தைக்கச் செய்தார். அதற்குப்பின் நாலரை வருஷம், விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் கேம்பிரிட்ஜுக்கு ரயிலேறி, ரிவர்ஸின் கல்லூரி அறையில் கண்ணை மூடி உட்கார்ந்தார். ரிவர்ஸ் பஞ்சு, ஊசி, வெந்நீர்க் குழாய், ஐஸ் என்று மாறிமாறி வைத்துக் குறித்துக்கொண்டார். மொத்தம் 167 நாட்கள். ஹெட் கவிதையும் எழுதுவார் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. அவர் குறிப்புகளைப் படித்தால் அது தெரியும்.

அவர்கள் கண்டது இது. முதலில் தோல் செத்துக்கிடந்தது, ஆழ அழுத்தினால் மட்டும் தெரிந்தது. பிறகு உணர்ச்சி திரும்பத் தொடங்கியது, ஆனால் ஒரு வெறியோடு திரும்பியது. சின்ன ஊசிக்குத்து சாதாரணத் தோலில் வலிப்பதைவிட மோசமாக வலித்தது. குத்திய இடம் ஒன்று, வலி பரவிய இடம் இன்னொன்று. முடியை லேசாக இழுத்தாலும் உடம்பு சிலிர்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் பஞ்சின் மென்மை தெரியவில்லை, இளஞ்சூடு தெரியவில்லை. மிகையுணர்ச்சியும் உணர்வின்மையும் ஒரே தோலில் ஒரே நேரத்தில் இருக்கின்றன என்பது எனக்கு இந்தச் சோதனையின் ஆகப்பெரிய செய்தியாகப் படுகிறது. மென்மை தெரியாத தோல்தான் அதிகம் வலிக்கிறது. நுண்ணுணர்ச்சி திரும்பிவர இன்னும் வெகுகாலம் பிடித்தது, அது வர வர வலியின் வெறி அடங்கியது.

1908இல் முடிவுகளை வெளியிட்டபோது அவர்கள் இரண்டு அடுக்குகளுக்குப் பெயர் வைத்தார்கள். வெறியோடு வந்தது 'புரோட்டோபதிக்', ஆதி உணர்ச்சி, பரிணாமத்தில் பழையது. பிறகு வந்தது 'எபிகிரிட்டிக்', பகுத்தறியும் உணர்ச்சி. புதியது, பழையதை அடக்கி ஆள்வது. பெயர்களைப் பார்த்தால் போதும். மேர் தீவும் நீலகிரியும் ஹெட்டின் முன்கைக்குள் வந்து குடியேறிவிட்டன. பேரரசின் ஏணியை ஒரு கனவானின் தோலுக்கு அடியில் சாத்திவைத்தார்கள். மிட்செலுக்கு மிகையுணர்ச்சி நாகரிகத்தின் உச்சி. பதினாறே வருஷத்தில் அது காட்டுத்தனத்தின் மிச்சமாயிற்று. தலைகீழாகப் புரட்டியும் ஏணி ஏணியாகவே நின்றது.

விஞ்ஞானமாக இது நிலைக்கவில்லை. 1909இலேயே வில்ஃபிரட் டிராட்டரும் மாரிஸ்டன் டேவிஸும் தங்கள் நரம்புகளை வெட்டிப் பார்த்து, இரண்டு தனி அமைப்புகள் என்பதற்குச் சான்றில்லை என்றார்கள். அடிபட்ட நரம்பு தாறுமாறாக வளரும்போது தாறுமாறாகச் சேதி அனுப்புகிறது, அவ்வளவுதான். இன்றைக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். தண்டுவடத்து நரம்பணுக்களே உசுப்பேறிக் கொதிநிலையில் நின்றுவிடுகின்றன, அதனால் சாதாரணத் தொடுகையும் வலியாக மாறிப்போகிறது என்பதைக் கிளிஃபோர்ட் உல்ஃப் 1983இல் எலிகளில் காட்டினார். இதில் ஆதியும் இல்லை, நாகரிகமும் இல்லை.

*

இனி அந்த மூன்று பெயர்களுக்கு வருவோம். 1914இல் போர் வந்தது. பிரான்ஸில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்த மையர்ஸ், 1915 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் மூன்று சிப்பாய்களைப் பற்றி எழுதினார். 'ஷெல் ஷாக்' என்ற சொல் மருத்துவ ஏட்டில் ஏறியது அப்போதுதான். பார்வை, முகர்வு, சுவை போயிருந்தன. அடுத்த வருஷம் அதே வரிசையில் தோல் உணர்ச்சிக் கோளாறுகளைப் பற்றியும் எழுதினார். மக்டூகல் ஆக்ஸ்ஃபோர்டில் இதே நோயாளிகளைப் பார்த்தார். ரிவர்ஸ் முதலில் லிவர்பூல் அருகே, பிறகு 1916 முதல் எடின்பரோவின் கிரெய்க்லாக்ஹார்ட்டில். தீவுக்காரர்களின் கண்ணையும் காதையும் தோலையும் அளந்த அதே மூன்று பேர்! இப்போது அவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இங்கிலீஷ்காரர்கள். தட்டு விழுந்தால் மேஜைக்கடியில் பதுங்குகிறவர்கள். தொட்டால் அலறுகிறவர்கள். இல்லை, குத்தினாலும் தெரியாதவர்கள்.

ஏணி இங்கேயும் வந்தது, இந்தமுறை வர்க்கமாக. அதிகாரிகளுக்கு வருவது பதற்றம், கெட்ட கனவு. சாதாரணச் சிப்பாய்க்கு வருவது ஊமைத்தனம், முடக்கம், மரப்பு என்று ரிவர்ஸ் பிரித்தார். அதிகாரி பள்ளிக்கூடத்திலேயே பயத்தை அடக்கக் கற்றவன், அவன் மனம் சிக்கலானது. சிப்பாயின் மனம் எளிது. கிரெய்க்லாக்ஹார்ட் அதிகாரிகளுக்கான இடம். அங்கே 1917இல் கவிஞர் சீக்ஃபிரட் சஸூனுக்கு ரிவர்ஸ் கொடுத்த சிகிச்சை பேச்சு. பயத்தை அமுக்காதே, சொல்லு என்பது. மனிதாபிமானமான சிகிச்சைதான், சந்தேகமில்லை. அதே காலத்தில் லண்டனில் லூயிஸ் யீலண்ட் பேசமுடியாத சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார், அதைப் பெருமையாக 1918இல் புத்தகமாகவும் போட்டார். பாட் பார்க்கரின் 1991ஆம் வருஷத்து நாவல் 'ரீஜெனரேஷன்' இந்த இரண்டு அறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது.

ராணுவத்தின் கணக்குப்பிள்ளைகள் இதைவிட நேரடியானவர்கள். ஷெல் ஷாக் 'டபிள்யூ' என்று சீட்டில் எழுதினால் காயம்: எதிரியின் குண்டால் வந்தது, சீருடையில் காயப்பட்டை உண்டு, உதவித்தொகைக்கு வழியுண்டு. 'எஸ்' என்று எழுதினால் வெறும் சீக்கு, ஒன்றும் கிடையாது. ஒரே நடுக்கம், ஒரே காது, ஒரே தோல். எழுத்து மட்டும் வேறு. 1917இல் அந்தச் சொல்லையே தடைசெய்து, 'நரம்புக் கோளாறு, இன்னும் கண்டறியப்படவில்லை' என்று எழுதச் சொன்னார்கள். எந்தச் சீட்டும் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். ஓடிப்போனது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகத் தன் ஆட்களாலேயே விடியற்காலையில் சுட்டுக்கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டிஷ் அரசு 2006இல் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் எத்தனை பேருக்குக் கதவுச் சத்தம் தாங்காமல் போயிருந்தது என்று யாரும் கவராயம் வைத்துப் பார்க்கவில்லை.

ஃபூக்கோ 1963இல் எழுதிய மருத்துவமனை பற்றிய நூல் டாக்டரின் பார்வையைச் சுற்றி நகர்கிறது. நம்மூரில் ஃபூக்கோவைப் படித்தவர்களும் கண்ணிலேயே நின்றுவிட்டார்கள். நான் மேலே சொன்ன கதை முழுக்க விரலில் நடக்கிறது. ஊசியை ஒருவர் பிடித்திருக்கிறார், இன்னொருவர் 'இப்ப வலிக்குது' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தால் செல்லும் என்பதே கேள்வி. அடிமை சொல்லாததும் செல்லவில்லை, கிழக்கு லண்டன் தொழிலாளி சொன்னதும் செல்லவில்லை.

மேர் தீவின் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. புலன்களின் கூர்மை குடும்பவழியாக வருகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் ரிவர்ஸ் 1898இல் அந்தத் தீவுக்காரர்களின் வம்சாவளிகளைக் கேட்டு எழுத ஆரம்பித்தார். யார் மகன், யார் பேரன், எந்தக் கிராமம் என்று தலைமுறை தலைமுறையாக. தோல் அளவுகளை இன்று யாரும் சீந்துவதில்லை. அந்த வம்சாவளிகள் தொகுதிகளில் அச்சேறிக் கிடந்தன. 1982இல் எடி மாபோவும் இன்னும் நான்கு தீவுக்காரர்களும், இந்த நிலம் எங்கள் பாட்டன் பூட்டனுடையது, இதை யாருமில்லா நிலம் என்று எவன் சொன்னது என்று குயின்ஸ்லாந்து மாநில அரசுக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். பாட்டன் பூட்டன் யார் என்று நிரூபிக்க அந்தத் தொகுதிகள் நீதிமன்றத்துக்கு வந்தன. பத்து வருஷம் நடந்தது. மாபோ 1992 ஜனவரியில் இறந்தார். ஜூன் 3ஆம் தேதி தீர்ப்பு வந்தது, நிலம் மேர் மக்களுடையது என்று.